திறக்கும் என்று எழுதிய கதவு

பொறியாளர்களுக்கு மனசாட்சி உண்டா என்று யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வரும். ஏன் இல்லை? ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியிலிருந்து ஒரு மணி வரைக்கும், தண்டையார்பேட்டையில் தாமஸின் லேத் பட்டறைக்கு மேலே இருக்கும் அறையில், டீயோடும் சமோசாவோடும் தாராளமாக உண்டு. மற்ற ஆறு நாள் அதை எங்கே வைத்துவிட்டுப் போகிறோம் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அந்த அறையில் கூடுகிற எங்கள் அறக்கட்டளைக்கு 'நேர்கோடு' என்று பெயர். சம்பளம் வாங்குகிறவர் ஒருவரும் கிடையாது, எல்லாரும் தன்னார்வலர்கள். அறைக்கு வாடகை இல்லை, தாமஸ் சும்மா விட்டிருக்கிறார். செயலாளர் பொன்ராஜ் சார் பாய்லர் பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். பொறியியல் கல்லூரிகளுக்குப் போவோம். ஒரு தப்பான வால்வு யாரைக் கொல்லும், மூடாத வடிகால் யார் வீட்டுக் குழந்தையை விழுங்கும் என்று படம் போட்டுப் பேசுவோம். கடைசியில் பிள்ளைகள் எழுந்து நின்று உறுதிமொழி எடுப்பார்கள். அதன் முதல் வரி, 'கண்ணால் பார்க்காத எதற்கும் கையெழுத்துப் போடமாட்டேன்.' அந்த வரியை எழுதியது நான்தான். எட்டுக் கூட்டம் சண்டை போட்டு அதை முதல் வரியாக்கினேன்.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. உறுதிமொழி அட்டைக்குப் பின்னால் ஒரு தன்னார்வலரின் பெயரும் போன் நம்பரும் இருக்கும். அந்தப் பிள்ளை வேலைக்குப் போய் ஐந்து வருஷத்துக்கு, எப்போது கூப்பிட்டாலும் அவர் போனை எடுத்தே ஆக வேண்டும். தஸ்னீம் என்ற என் பெயர் இருநூற்றுப் பன்னிரண்டு அட்டைகளில் இருக்கிறது. கூப்பிடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் வேறு வேலை வாங்கித் தரச் சொல்லுவார்கள். ஒருத்தன் கல்யாணப் பத்திரிகை அனுப்பினான். மனசாட்சி உறுத்துகிறது என்று ஒருவரும் கூப்பிட்டதில்லை, ஜெயவேல் கூப்பிடுகிற வரைக்கும்.

ஜெயவேல் புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு பையன். படித்து முடித்து, காசிமேட்டுக்கு வடக்கே ஓர் இறால் கம்பெனியில் பராமரிப்புப் பொறியாளராக இருந்தான். கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். பெயர் சொல்லக் கூடாது என்பது நேர்கோட்டின் விதி, எனக்கும் அது ஊறிப்போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்து, யாரும் கேட்காத மூலையாகப் பார்த்து உட்கார்ந்தான்.

"மேடம், எறா உரிக்கிற ஹால்ல நாப்பது பொம்பளைங்க கீறாங்க. பக்கத்து ரூம்ல எறாவ ஐஸ் பண்ற அமோனியா கேஸ் மெஷினு. லீக் ஆச்சின்னா வெளிய ஓடறதுக்கு ரெண்டு கதவு. முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு. பின்னாடி கதவு தெறக்காது."

"பூட்டா?"

"வெல்டு. எறா பாக்கெட்டு அந்த வயியா திருட்டுப் போவுதுன்னு நாலு மாசம் முன்னாடி அடச்சிட்டாங்க."

இப்போது வெளிநாட்டுக்காரன் ஒருவன் சரக்கு வாங்க வருகிறானாம். மாதாமாதம் பாதுகாப்புப் படிவம் கேட்கிறானாம். அதில் ஒன்பதாவது கேள்வி: அவசரவழிக் கதவு திறக்கிறதா? ஆம், இல்லை. கீழே பராமரிப்புப் பொறியாளரின் கையெழுத்து. 'ஆம்' போடச் சொல்லி மேனேஜர் மூன்று நாளாக அவன் பின்னாலேயே சுற்றுகிறார்.

"அந்த நாப்பது பேர்ல ஒண்ணு எங்கம்மா" என்றான்.

எனக்குச் சுரீரென்றது. "போடாதே" என்றேன். "இல்லைன்னு எழுது. எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடு. எதுனா ஆச்சின்னா நாங்க கீறோம்." எனக்கு அன்று ஏக உற்சாகம். பன்னிரண்டு வருஷம் கல்லூரி கல்லூரியாகப் போய்த் தொண்டை வற்றப் பேசியதற்கு ஒரே ஒருவன் முளைத்திருக்கிறான் என்று தாமஸிடம்கூடச் சொன்னேன். கம்பெனி பெயரை அவன் சொன்னபோது எங்கேயோ கேட்ட மாதிரிகூட எனக்குத் தோன்றவில்லை.

அவன் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்தான். ஒன்பதாம் நாள் வேலையிலிருந்து நீக்கினார்கள்.

நாங்கள் இருந்தோம். எப்படி இருந்தோம் என்று சொல்கிறேன். முதல் ஞாயிறு, கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று முடிவானது. இரண்டாம் ஞாயிறு, கடிதத்தில் 'கண்டிக்கிறோம்' என்று போடுவதா 'கவலை கொள்கிறோம்' என்று போடுவதா என்பதில் போயிற்று. மூன்றாம் ஞாயிறு, கடிதமே வேண்டாம் என்றார் பொன்ராஜ் சார்.

"நாம பொறுப்பான பொறியியலைப் பரப்புற அமைப்பும்மா. வழக்காடுற அமைப்பு இல்லை. இன்னிக்கு ஒரு கம்பெனியை எதிர்த்தா நாளைக்கு எந்தக் காலேஜும் நம்மள உள்ள விடாது. அப்புறம் உறுதிமொழியை யாருக்குக் குடுப்பே?"

"எடுத்தவனுக்கு என்ன சார் குடுக்கிறது?"

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார், கெட்ட மனிதர் இல்லை. பிறகு, ஆண்டுவிழாவில் ஜெயவேலுக்கு 'நேர்மைப் பொறியாளர்' என்று ஒரு விருது கொடுக்கலாம் என்றார். அறையிலிருந்த மற்ற பன்னிரண்டு பேரும் கை தூக்கினார்கள். பசிக்கிறவனுக்குப் பன்னீர் தெளிக்கிற ஆட்கள். எரிச்சலில் எனக்கு அழுகையே வந்தது. ஆனாலும் அந்தச் சேதியைச் சொல்ல வேண்டியது அட்டையில் பெயர் இருக்கிற நான்தானே. புளியந்தோப்புக்குப் போனேன்.

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தது அவன் அம்மா கெங்கம்மா. இறால் ஓடு குத்திக் குத்தி விரல் நுனியெல்லாம் வெளுத்திருந்தது. ஜெயவேல் வேலை தேடி அம்பத்தூருக்குப் போயிருந்தான். நான் இன்னார் என்று சொன்னதும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. நானாகவே போய் உட்கார்ந்தேன்.

"விருது தரப் போறாங்கக்கா" என்றேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

"அத்த வெச்சிகினு இன்னா பண்றது?"

கெங்கம்மா என் எதிரில் உட்கார்ந்தாள்.

"எம்புள்ள நல்லாதான் வேலக்கி போய்கினு இருந்தான். கையெயுத்து போடாதன்னு நீ சொன்ன. அவன் போடல. இப்ப அவன் வூட்ல கீறான். நான் அதே ஹால்லதான் குந்திகினு எறா உரிக்கிறேன். அதே கதவுதான். இன்னா மாறிச்சி?"

"நான் சொன்னது தப்பில்லக்கா. அந்தக் கதவு..."

"கதவப் பத்தி எனக்குச் சொல்றியா?" அலமாரியில் துணிக்கு அடியிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில் போட்டாள். "இத்தப் படி. எம்புள்ள பொய் சொன்னான்னு எயுதிக்கீறாங்க. அத்ததான் என்னால தாங்க முடியல."

அது வேலைநீக்கக் கடிதம். ஆங்கிலத்தில் இருந்தது. அரசு அனுமதி பெற்ற வெளிப் பொறியாளர் ஒருவர் பன்னிரண்டாம் தேதி ஆலையைச் சோதித்து, அவசரவழிக் கதவு தடையின்றித் திறக்கிறது என்று சான்றளித்திருக்கிறார். அதற்குப் பிறகும் திறக்கவில்லை என்று எழுதியதன் மூலம் ஜெயவேல் வேண்டுமென்றே பொய்த் தகவல் தந்து நிறுவனத்துக்குக் களங்கம் உண்டாக்கினார். அடைப்புக்குறிக்குள் சான்றிதழ் எண். அந்த எண்ணின் கடைசியில் இரண்டு எழுத்து, T.A.

தஸ்னீம் அமீர். அமீர் என் வாப்பா பெயர்.

என் பிழைப்பு என்னவென்று இன்னும் நான் சொல்லவில்லை, வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. கிண்டியில் ஒரு சோதனை நிறுவனத்தில் வேலை. தொழிற்சாலைகளைப் பார்த்துப் பாதுகாப்புச் சான்றிதழ் தருகிற வேலை. 'பார்த்து' என்பது பேச்சுக்கு. எங்கள் தொழிலில் பெரிய ஆலைக்கு நேரில் போவோம், சின்ன ஆலை என்றால் அவர்களே படம் எடுத்து அனுப்புவார்கள், நாங்கள் மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுவோம். எல்லாரும் செய்வதுதான். பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை. மறுநாள் கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கல்லூரியில் உறுதிமொழி நிகழ்ச்சி, அதற்குப் படங்கள் தயார் செய்ய வேண்டியிருந்தது. சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று மேஜையிலிருந்த முப்பத்தாறு கோப்புகளையும் ஒரு மணி நேரத்தில் கையெழுத்துப் போட்டுத் தள்ளினேன். ஒரு கோப்புகூட யாருடையது என்று நினைவில்லை. போட்ட இரண்டாம் நாள்தான் ஜெயவேல் என் எதிரில் வந்து உட்கார்ந்து, போடட்டுமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறான்.

"இன்னா, மொகம் ஒரு மாதிரி ஆயிடிச்சி?" என்றாள் கெங்கம்மா.

"அந்த வெளிப் பொறியாளர் நான்தான்க்கா."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் தேவலை. "நீ எப்ப வந்த? நான் உன்னப் பாக்கலியே" என்றாள்.

"வரல."

அவள் காகிதத்தை என் மடியிலிருந்து எடுத்து மடித்து மறுபடி துணிக்கு அடியில் வைத்தாள். நான் படி இறங்கினேன்.

மறுநாள் அலுவலகத்தில் கோப்பை எடுத்துப் பார்த்தேன். பச்சைப் பெயின்ட் அடித்த கதவு, மேலே 'அவசர வழி' பலகை. மூடிய கதவின் படம். மூடிய கதவைப் பார்த்து அது திறக்கும் என்று சான்று கொடுத்திருக்கிறேன். என் மண்டையில் என்ன இருந்தது என்று என்னையே நாலு கேட்டுக்கொண்டேன். முதலாளியிடம் போய்ச் சான்றிதழைத் திரும்பப் பெறப்போகிறேன் என்றேன். அவர் பதறவில்லை. "எதுக்கு? நேர்ல போய் ஒருதரம் பார்த்துட்டு வாங்க. கதவு சரியா இருந்தா விஷயம் முடிஞ்சுது" என்று அன்றைக்கே கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லியும்விட்டார்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். மேனேஜர் வாசலிலேயே காத்திருந்தார். தலைக்குத் தொப்பி, காலுக்கு ரப்பர் பூட்ஸ், எல்லாம் தந்தார். ஹாலில் பெண்கள் வரிசையாகக் குனிந்து உரித்துக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மா மூன்றாவது வரிசையில் இருந்தாள், நிமிரவில்லை. கடைசியில் பச்சைக் கதவு. மேனேஜர் ஒற்றை விரலால் தள்ளினார். கதவு திறந்தது. வெளியே பளிச்சென்று வெயில், மீன் லாரி ஒன்று நின்றிருந்தது.

"பாருங்க மேடம். உங்க சர்டிபிகேட் கரெக்ட்தான். அந்தப் பையன்தான் என்னமோ மனசுல வெச்சிகினு பொய் எழுதிட்டான்."

கதவின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். புதுப் பெயின்ட்டுக்குக் கீழே மேலிருந்து கீழ்வரை நாலு இடத்தில் கிரைண்டர் போட்டு ராவிய தடம் விரலில் தட்டுப்பட்டது. பெயின்ட் இன்னும் கையில் ஒட்டியது. நான் சான்றிதழ் கொடுத்த கதவு இப்போதுதான் திறந்திருக்கிறது. என் பொய் உண்மையாகிவிட்டது, அவன் உண்மை பொய்யாகிவிட்டது. அந்த மேனேஜரை அங்கேயே கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. ஆனால் அவர் நியாயமாகக் கேட்கலாம்: மேடம், அன்றைக்கு நீங்கள் எங்கே இருந்தீர்கள்?

அலுவலகத்துக்குத் திரும்பிக் கடிதம் எழுதினேன். 'பன்னிரண்டாம் தேதி நான் அந்த ஆலைக்குப் போகவில்லை. கதவை நான் பார்க்கவில்லை. சான்றிதழைத் திரும்பப் பெறுகிறேன். இன்று பார்த்தபோது கதவில் வெல்டிங்கை ராவி எடுத்த புதிய தடம் இருக்கிறது.' அரசின் தொழிற்சாலைப் பாதுகாப்புத் துறைக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, பதிவுத் தபாலில். முதலாளி அன்று மாலையே என் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். சான்றளிக்க அரசு தந்த அனுமதி எப்போது ரத்தாகும் என்பதுதான் பாக்கி.

ஞாயிற்றுக்கிழமை நேர்கோட்டில் எழுந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொன்ராஜ் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பார்க்காமல் கையெழுத்துப் போட்ட ஒருவர் உறுதிமொழி நிகழ்ச்சிகளை நடத்துவது முறையாகாது என்று மிகவும் வருத்தத்தோடு சொன்னார். தீர்மானம், வழிமொழிதல், கை தூக்கல், எல்லாம் பத்தே நிமிஷம். கடிதத்துக்கு மூன்று ஞாயிறு எடுத்துக்கொண்ட அதே பன்னிரண்டு பேர். அவர்கள் செய்தது சரிதான் என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். அதில் எத்தனை பேர் வெள்ளிக்கிழமை என்னைப் போல மேஜையில் உட்கார்ந்து போடுகிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

துறையிலிருந்து ஓர் உதவி ஆய்வாளர் போனில் பேசினார். ராவிய தடம் மட்டும் போதாது, கதவைப் பழுதுபார்த்ததாகச் சொல்லிவிடுவார்கள், கதவு அடைத்திருந்தது என்று நேரில் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் ஜெயவேலின் வேலைநீக்கத்தையும் எதிர்க்கலாம் என்றார். மறுபடி புளியந்தோப்புக்கு ஓடினேன். மதியம் பன்னிரண்டரை மணி. அம்மாவும் பிள்ளையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கெங்கம்மாவுக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட்.

விவரத்தைச் சொன்னேன். "நீ பார்த்ததை மட்டும் எழுது. என்னிக்கி அடச்சாங்க, யார் சொல்லி அடச்சாங்க, யார் வெல்டு வெச்சாங்க. அந்த வெல்டர் பேர் தெரிஞ்சா ரொம்ப நல்லது. அவரும் சொல்லிட்டா உன் வேலை திரும்பக் கெடச்சிடும்."

ஜெயவேல் கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். பேனாவை வாங்கினான். தேதி எழுதினான். அதற்கு மேல் எழுதவில்லை.

"வெல்டர் பேர் தெரியாதா?"

"வெல்டர் அன்னிக்கி லீவுக்கா" என்றான். முதல் தடவையாக என்னை அக்கா என்றான். "சேந்து ரெண்டு மாசந்தான் ஆயிருந்திச்சி. மேனேஜர் வந்து, நீ காலேஜ்ல வெல்டிங் கத்துகினல்ல, நாலு எடத்துல டக் வெச்சி கதவ ஒட்டி வுடுன்னாரு. வெச்சேன். அப்ப ஒண்ணும் தோணல. படிவம் கையில வந்தப்பறந்தான் ராத்திரியெல்லாம் தூக்கம் வர்ல."

இதை எழுதினால் இவன் மேலேயே வழக்கு வரலாம். எழுதாவிட்டால் இவன் பொய்யன். நான்தான் பேனாவைக் கொடுத்திருக்கிறேன், முன்பு 'போடாதே' என்று சொன்னதும் நான்தான்.

கெங்கம்மா தட்டிலிருந்து கையை எடுக்கவில்லை.

"வெளிப்பக்கத்துலேர்ந்து அடிச்சியா?"

அவன் தலையசைத்தான்.

"நான் உள்ளாறதான் இருந்தேன்டா. சத்தம் கேட்டுது. எதோ ரிப்பேருன்னு நெனச்சேன். சந்து வயியா நெருப்புப் பொறி வந்து தரையில வியுந்திச்சி. தள்ளி குந்துங்கடி, மேல பட்டுடப் போவுதுன்னு நான்தான் அதுங்ககிட்ட சொன்னேன். அந்தாண்ட நீன்னு தெர்ல."

ஜெயவேல் அழுதான். அவள் தேற்றவில்லை, அடிக்கவும் இல்லை. சோற்றை வழித்துச் சாப்பிட்டு முடித்தாள், தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள். "எயுது" என்றாள். "இன்னா நடந்திச்சோ அத்த எயுது." அவன் எழுத ஆரம்பித்தான்.

அவள் தலையைச் சீவி, சாப்பாட்டுக் கூடையை எடுத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். "அக்கா, இன்னிக்கும் போகணுமா?" என்றேன். வேலை போன நானும் ஜெயவேலும் வீட்டில் உட்கார்ந்திருக்க, வேலைக்குப் போகிறவளை இப்படிக் கேட்கிறேனே என்று கேட்டபிறகுதான் உறைத்தது. அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள். வாசலில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்தக் கதவு இப்ப தெறக்குதா?"

"திறக்குதுக்கா."

"பாத்துட்டுதான சொல்ற?"